சுற்றுச்சூழல் சுகாதாரம் பற்றி மேடையில் பேசப்போகும் மாணவர்களுக்கு: அடிபம்பிலிருந்து பல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி செமினார்களிலும் பேப்பர் பிரசென்டேஷன் போட்டிகளிலும் நடுவராகப் போய் உட்கார்ந்து பல வருடங்கள் ஆகின்றன. சுற்றுச்சூழல் சுகாதாரம் என்று தலைப்பு கொடுத்தால் என்ன நடக்கும் என்று இப்போது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. முதல் ஸ்லைடில் இரண்டு கைகள் ஒரு பச்சைப் பூமியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அடுத்து மாசு என்றால் என்ன என்று ஒரு வரையறை. அப்புறம் மாசின் வகைகள்: நீர், நிலம், காற்று, ஒலி. கடைசியில் மரம் நடுவோம், நன்றி. பத்து நிமிடம் முடிந்துவிடும். யாருக்கு, எதனால், என்ன நோய் வந்தது என்று ஒரு வரிகூட இருக்காது.

குறை மாணவர்கள் மேல் மட்டும் இல்லை. சுற்றுச்சூழலும் சுற்றுச்சூழல் சுகாதாரமும் ஒன்றுதான் என்று நாமே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆற்றில் நுரை ஓடினால் அது சுற்றுச்சூழல் விஷயம். அந்த நுரையில் இருக்கிற எது, எந்த வழியாக, யார் உடம்புக்குள், எவ்வளவு போகிறது என்று கேட்க ஆரம்பித்தால்தான் சுகாதாரம் உள்ளே வருகிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறேன். உதாரணத்துக்குத் தர்மபுரிப் பக்கத்து ஃப்ளோரைடை எடுத்துக்கொள்கிறேன்: நிலத்தடி நீரில் கரைந்திருக்கும், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஒரு பொருள். உங்கள் தலைப்பு கொசுவோ, புகையோ, சத்தமோ எதுவானாலும் வேலை இதேதான்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது

"நீர் மாசும் மனித ஆரோக்கியமும்" என்பதைப் பற்றிப் பத்து நிமிடத்தில் யாராலும் பேச முடியாது. பத்து வருடம் பேசலாம். "தர்மபுரி மாவட்டத்தில் ஃப்ளோரைடு பாதிப்பு" கொஞ்சம் தேவலை, ஆனால் இன்னும் தலைப்புதான். "எங்கள் ஊர் அடிபம்புத் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது, அதைக் குடிப்பவர் ஒரு நாளில் எவ்வளவு உள்ளே எடுத்துக்கொள்கிறார்?" இது கேள்வி. இதற்கு ஒரு பதில் உண்டு. அதைத் தேடிப் போகவும் முடியும், கிடைத்ததைப் பத்து நிமிடத்தில் சொல்லவும் முடியும்.

கேள்வி தேறிவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ சொல்லிப் பாருங்கள். "ஆமா, ரொம்ப முக்கியமான விஷயம்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டால் அது இன்னும் தலைப்பாகத்தான் இருக்கிறது. "அதை எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று திருப்பிக் கேட்டால் கேள்வி சரியாக அமைந்துவிட்டது.

வேறு சில கேள்விகள்: பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் வகுப்பறையில் ஜன்னலைச் சாத்தினால் எத்தனை டெசிபல் குறைகிறது? எங்கள் தெருவில் கொசுப்புழு அதிகம் இருப்பது தண்ணீர் டிரம்மிலா, பழைய டயரிலா, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டிலா? விறகடுப்புச் சமையலறையில் கதவைத் திறந்து வைத்தால் புகை எவ்வளவு குறையும்? எல்லாமே சின்னக் கேள்விகள். சின்னதாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நடுவர்கள் தூங்குவது பெரிய தலைப்புகளில்தான்.

இரண்டாம் படி: வழித்தடத்தை வரைவது

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வையுங்கள். இடது ஓரத்தில் அந்தப் பொருள் எங்கிருந்து கிளம்புகிறது என்று எழுதுங்கள். வலது ஓரத்தில் உடம்பின் எந்த உறுப்பைப் போய்ச் சேருகிறது என்று எழுதுங்கள். நடுவில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புங்கள்.

ஃப்ளோரைடுக்கு நான் வரைந்தால் இப்படி வரும். முதல் கட்டம் பாறை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் தரைக்கடியில் கருங்கல் வகைப் பாறைகள். அவற்றிலுள்ள சில கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. இதை எந்தத் தொழிற்சாலையும் கொண்டுவந்து கொட்டவில்லை, மண்ணிலேயே உள்ளது. (இதைச் சொல்லாமல் விட்டால் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்.) அடுத்த கட்டம் நிலத்தடி நீர். பாறையோடு நெடுநாள் ஒட்டிக்கிடக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்து ஏறுகிறது. கால்சியம் குறைவாக இருக்கும் தண்ணீரில் இன்னும் அதிகம் தங்கும். அதற்கடுத்து போர்வெல்லும் அடிபம்பும். அப்புறம் குடம். குடத்திலிருந்து வழி மூன்றாகப் பிரிகிறது: குடிக்கிற தண்ணீர், சோறு குழம்பு வைக்கிற தண்ணீர், டீ. டீத்தூளிலேயே ஃப்ளோரைடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கடைசியில் உடம்பு. உள்ளே போனதில் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். மீதி எலும்பிலும் பல்லிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வளரும் குழந்தைகளிடம் அப்படித் தங்கும் பங்கு அதிகம்.

இனி ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதுங்கள்: எப்படி, எவ்வளவு, எவ்வளவு காலமாக? மூன்றாவது கேள்வியில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். எப்படி என்று காட்டுகிறேன்.

ஒரு குழு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதினைந்து வயதுப் பையன்களின் பல் காவியை (ஃப்ளோரைடு அதிகமானால் பல்லில் விழும் கறையை) எண்ணிவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே அந்த ஊர்த் தண்ணீரையும் சோதிக்கிறார்கள். ஃப்ளோரைடு குறைவாக இருக்கிறது. ஆகவே காவிக்கும் ஃப்ளோரைடுக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். தப்பு எங்கே? பல் காவி உண்டாவது பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயது வரைக்குள். பதினைந்து வயதுப் பையனின் முன்பல் சொல்லும் கதை அவன் பால்வாடி வயதில் குடித்த தண்ணீரின் கதை. இன்றைக்கு அவன் குடிப்பது அந்தப் பல்லில் பதியாது. பெரியவர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து இருபது வருடம் அதே தண்ணீரைக் குடித்தாலும் பல்லில் இந்தக் காவி வராது. அவருக்கு எலும்பில்தான் பார்க்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் நல்ல ஆராய்ச்சிக் கேள்வி ஒன்று தானாகவே கையில் கிடைக்கிறது. ஜப்பான் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கமும் உண்டு. ஆற்றுத் தண்ணீர் உங்கள் ஊருக்கு எந்த வருடம் வந்தது? அதற்கு முன் பிறந்தவர்களின் பல்லும் பின் பிறந்தவர்களின் பல்லும் எப்படி இருக்கின்றன? ஒரு வழித்தடப் படத்திலிருந்து பிறந்த கேள்வி இது. இணையத்தில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

சரித்திரம் ஒரு வரி சேர்க்க விரும்பினால்: எலும்பைப் பாதிக்கும் ஃப்ளோரைடு நோயை இந்தியாவில் முதலில் விவரித்தது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். ஒரு வரி போதும். அரை நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: எண்களைக் கையாள்வது

முதலில் எல்லை எண்களைச் சரியாகப் பிடியுங்கள். குடிநீரில் ஃப்ளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500 என்ற தரம் (2012 பதிப்பு) 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த "வேறு கிடைக்காத இடத்தில்" என்ற நிபந்தனையை விட்டுவிட்டு 1.5-ஐ மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான்.

எந்த அமைப்பின் எல்லை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடுவது பெரிய குறை. காற்றில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர எல்லை கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. உங்கள் ஊரில் 40 இருந்தால் நல்ல காற்றா, கெட்ட காற்றா? இரண்டு கோட்டையும் வரைபடத்தில் போட்டுக் காட்டுங்கள். பார்ப்பவர்கள் தாங்களே யோசித்துக்கொள்வார்கள்.

அடுத்தது, கருவி எதை அளக்கிறது என்று தெரிந்து பேசுவது. டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒரு கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் குடத்தில் முக்கி, 300 வந்தது, ஆகவே பாதுகாப்பான தண்ணீர் என்று சொன்னவர்களை நான் எண்ணிக் களைத்துவிட்டேன். அது கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் உத்தேசமாகச் சொல்லும். ஃப்ளோரைடு உண்டா என்று அதற்குத் தெரியாது. கிருமியும் தெரியாது. ஃப்ளோரைடுக்கு வண்ணம் மாறும் களச் சோதனைப் பெட்டி உண்டு. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு உத்தேச அளவு சொல்லலாம். துல்லியம் வேண்டுமென்றால் ஆய்வகம்தான். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன, துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

தண்ணீர் பிடிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஃப்ளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில் நல்லது. அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பம்பைக் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, குழாயில் தேங்கிக்கிடந்தது போனபிறகு பிடியுங்கள். இடம், தேதி, மழைக்கு முன்பா பின்பா, போர் எத்தனை அடி என்று பாட்டிலிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைத்தால் மூன்றாவது பாட்டிலிலேயே குழம்பிவிடும். எனக்கே குழம்பியிருக்கிறது: பன்னிரண்டு பாட்டில், மார்க்கர் மை வியர்வையில் அழிந்து, ஒரு நாள் முழுக்க அலைந்தது வீண். அன்றிலிருந்து பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதி, மேலே டேப் ஒட்டிவிடுகிறேன்.

எண்ணை உடம்போடு இணைக்கும் இடம்தான் உங்கள் பேச்சின் உச்சம். ஒரு பம்பில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் இரண்டு லிட்டர் குடித்தால் ஒரு நாளைக்கு 4.8 மில்லிகிராம். சித்திரை வெயிலில் களை வெட்டுபவர் நான்கு லிட்டர் குடித்தால் 9.6. எலும்பு பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இது: எல்லா வழியிலும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடுவதற்கான அறிகுறிகள் உண்டு, 14-இல் சந்தேகமே இல்லை. இப்போது இன்னொரு கணக்குப் போடுங்கள். எல்லைக்குள் இருப்பதாகச் சொல்லும் 1.5 தண்ணீரையே நான்கு லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம் வந்துவிடுகிறது, சோறும் டீயும் சேர்க்காமலே! எல்லை எண் தண்ணீருக்கு வைத்தது, உடம்பு பார்ப்பது மொத்த அளவை. இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய மாணவி ஒருத்திக்கு அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 80 டெசிபல் 40 டெசிபலைப் போல இரண்டு மடங்கு என்று சொல்லிவிடாதீர்கள். டெசிபல் மடக்கை அளவு. பத்து கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு. நாற்பது கூடினால் பத்தாயிரம் மடங்கு.

நான்காம் படி: "இதனால்தான் இது" என்று சொல்வதற்கு முன்

இரண்டு விஷயங்கள் ஒரே ஊரில் இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இது எல்லோருக்கும் தெரியும், மேடை ஏறியதும் மறந்துவிடும்.

1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் என்ன செய்தார் என்று பாருங்கள். இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார், பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன என்பது எல்லோரும் சொல்வது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வேலை. படத்தில் ஒட்டாமல் நின்றவர்களை அவர் தேடிப் போனார். அதே தெருவில் இருந்த மதுபான ஆலைத் தொழிலாளிகளுக்கு ஏன் நோய் வரவில்லை? அவர்கள் பீர் குடித்தார்கள், ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. மைல் கணக்கில் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை அம்மாள் ஏன் இறந்தார்? முன்பு குடியிருந்த பிராட் தெருப் பம்பின் தண்ணீர் ருசிக்காகத் தினமும் அதையே தருவித்துக் குடித்திருந்தார். பொருந்தாத இந்த இரண்டு தரப்பும்தான் காரணத்தை உறுதி செய்தது. உங்கள் தரவிலும் அப்படிப் பொருந்தாத புள்ளி ஒன்று இருக்கும். அதை மறைக்காதீர்கள். அதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்குங்கள்.

காரணம் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்வதும் விஞ்ஞானம்தான். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களிலிருந்து ஆராய்கிறார்கள். நிலத்தடி நீரா, பூச்சிமருந்தா, வெயிலில் நீர்ச்சத்து வற்றுவதா, எல்லாம் சேர்ந்தா என்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதைப் பற்றிப் பேசும் மாணவர் "இதுதான் காரணம்" என்று விரலை நீட்டினால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

"இரண்டு மடங்கு ஆபத்து" என்ற சொல்லிலும் கவனம் தேவை. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வந்தாலும் இரண்டு மடங்கு, பத்தில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வந்தாலும் இரண்டு மடங்கு. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பேச்சைக் கட்டுவது

முதல் முப்பது வினாடியில் வணக்கம், மாண்புமிகு, மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்தால் அரை நிமிடம் போனது போனதுதான். வணக்கம் ஒன்று போதும். அப்புறம் நேராக ஊருக்குள் போங்கள். இப்படி:

"வணக்கம். எங்கள் ஊரில் இரண்டு அடிபம்பு. கோயில் பக்கத்துப் பம்பில் தண்ணீர் இனிக்கும் என்று எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். பள்ளிக்கூடப் பம்பு கொஞ்சம் உப்பு. இரண்டையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தோம். ஃப்ளோரைடு அதிகம் இருந்தது இனிக்கிற தண்ணீரில்."

நான்கைந்து வரிதான். மாசு என்ற சொல்லே வரவில்லை. ஃப்ளோரைடுக்கு நாக்கில் ருசி தெரியாது என்ற விஞ்ஞானம் உள்ளே வந்துவிட்டது. இதற்கப்புறம் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். (உங்கள் ஊரில் முடிவு வேறு மாதிரி வந்தால் அதைச் சொல்லுங்கள். கதை நன்றாக இருக்கிறது என்று என்னுடையதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.)

மீதி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், என்ன கண்டோம் என்பதற்குப் பாதி நேரம் என்பேன். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. முன்னுரையில் ஆறு நிமிடம் கரைந்து, கண்டுபிடிப்புக்கு வரும்போது மணி அடித்துவிடும். எதை அளந்தோம், எப்படி அளந்தோம் என்பதற்கு இரண்டு நிமிடம். எங்கள் வேலையில் என்ன குறை என்பதற்கு ஒரு நிமிடம் கட்டாயம். "ஆறு பம்புகள்தான் பார்த்தோம், ஒரே நாளில் பார்த்தோம், கோடையில் எப்படி இருக்கும் என்று இனித்தான் பார்க்க வேண்டும்" என்று நீங்களே சொல்லிவிட்டால், நடுவர் அதைக் கேள்வியாக எடுத்து அடிக்க வழியில்லை.

தீர்வு என்ற பகுதியில் வழித்தடப் படத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். எந்த அம்பை எங்கே வெட்டலாம்? பாறையை ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரை மாற்றலாம், ஒகேனக்கல் திட்டம் அதுதான். தண்ணீரில் இருப்பதை எடுக்கலாம்: நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கலக்கித் தெளிய வைக்கிறார்கள். ஆர்ஓ கருவியும் எடுக்கும், ஆனால் கழிவுநீர் நிறைய வெளியேறும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு பம்புக்கு மாறலாம். விழிப்புணர்வு ஏற்படுத்துவோம் என்று பொதுவாக முடிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு தேவலை.

ஸ்லைடு பற்றிக் கொஞ்சம்

பிபிடி என்பது உங்கள் பேச்சை எழுதி வைக்கும் நோட்டு அல்ல. பத்து நிமிடத்துக்கு ஏழெட்டு ஸ்லைடு தாராளம். ஒவ்வொன்றிலும் மேலே தலைப்புக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியம் எழுதிப் பாருங்கள். "ஆய்வு முடிவுகள்" என்று எழுதாமல் "ஆறு பம்புகளில் நான்கில் ஃப்ளோரைடு 1.5-ஐத் தாண்டுகிறது" என்று எழுதுங்கள். கீழே ஆறு பட்டைகள், 1 என்ற இடத்தில் ஒரு கோடு, 1.5 என்ற இடத்தில் இன்னொரு கோடு. பட்டைகளுக்கு மாதிரி அ, மாதிரி ஆ என்று பெயர் வைக்காமல் பம்பு இருக்கும் இடத்தின் அடையாளத்தையே வையுங்கள்: புளியமரம், ரேஷன் கடை, பள்ளி. அலகை எழுத மறந்துவிடாதீர்கள்.

தமிழ் எழுத்துரு இன்னொரு தலைவலி. உங்கள் லேப்டாப்பில் அழகாகத் தெரிந்தது அரங்கக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிற்கும். யூனிகோடில் எழுதி, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களும் மனிதர்களும்

இதை வேகமாகக் கடந்து போக மனமில்லை. வளைந்த காலோடு நிற்கும் ஒரு பெரியவரின் படம், வாயைத் திறந்து காட்டும் ஒரு சிறுமியின் படம். கூட்டம் உச்சுக்கொட்டும், கைதட்டு கிடைக்கும். அந்தச் சிறுமி நாளைக்கு இதே கல்லூரியில் வந்து சேரலாம். பல் காவி ஊர் என்று பெயர் பரவினால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிக்கிற காலம் இன்னும் போகவில்லை. படம் எடுக்குமுன் கேளுங்கள், குழந்தையானால் பெற்றோரிடம் கேளுங்கள், எதற்கு எங்கே காட்டப்போகிறோம் என்று சொல்லுங்கள். பல் மட்டும் தெரியும்படி வெட்டிக்கொள்ளுங்கள். பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். ஊர்ப் பெயரைக்கூட "ஒரு கிராமம்" என்று சொல்லிக்கொள்ளலாம், விஞ்ஞானத்துக்கு ஒன்றும் குறையாது.

மொழியும் ஒத்திகையும்

தமிழில் பேசுகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு: கலைச்சொல் தெரியவில்லையே என்று. ஆழ்துளைக் கிணறு என்று எழுதுங்கள், பேசும்போது போர் என்று சொன்னால் தப்பில்லை. எது மக்களுக்குப் புரியுமோ அதைச் சொல்லி, முதல் தடவை மட்டும் ஒரு விளக்கம் கொடுங்கள். "பிஎம் 2.5 என்றால் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்" என்று ஒருமுறை சொன்னால் போதும். "மில்லிகிராம்" என்பதை ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்ல வாய் நோகும்தான், ஆனாலும் சொல்லுங்கள். மைக்ரோகிராமும் மில்லிகிராமும் மாறினால் ஆயிரம் மடங்கு தப்பு.

ஒத்திகையை மனதுக்குள் செய்யாதீர்கள். மனதுக்குள் எல்லோரும் ஏழு நிமிடத்தில் முடிப்பார்கள். நின்றுகொண்டு, சத்தமாக, போனில் பதிவு செய்து மூன்று முறை பேசுங்கள். முதல் முறை நேரம் தாண்டும். எங்கே வெட்டுவது என்று அப்போதுதான் தெரியும். பதிவைக் கேட்டால் "வந்து", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று காதுக்கு உறைக்கும். முழுப்பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் நான்கு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மட்டும் செய்யுங்கள். நடுவில் ஒரு வரி மறந்தாலும் வழித்தடப் படம் கைகொடுக்கும்.

குழுவாகப் பேசினால் மைக் கைமாறும் இடங்களைத் தனியாக ஒத்திகை பாருங்கள். அங்கேதான் நேரம் ஒழுகும்.

கேள்வி நேரம்

மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஒரு முறை நான் கேட்டதும் அந்தத் தம்பி சொன்னதும்:

"தம்பி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடாதா?"

"ஆகாது சார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு ஆவியாகிப் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி இன்னும் கூடத்தான் செய்யும்."

"அப்படியென்றால் பற்பசையில் ஏன் ஃப்ளோரைடு போடுகிறார்கள்?"

கொஞ்சம் நிறுத்தினான். "குறைந்த அளவு பல் சொத்தையைத் தடுக்கும் சார். அதிகமானால்தான் பாதிப்பு. பற்பசையைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரை விழுங்குகிறோம்."

"சரி. உங்கள் ஊரில் கால் வளைந்தவர்கள் எல்லோருக்கும் ஃப்ளோரைடுதான் காரணமா?"

"அது எனக்குத் தெரியாது சார். வைட்டமின் டி குறைவு, கால்சியம் குறைவு காரணமாகவும் வளையலாம். எக்ஸ்ரே எடுத்து டாக்டர்தான் சொல்ல முடியும். நாங்கள் தண்ணீரை மட்டும்தான் அளந்தோம்."

அந்தக் கடைசிப் பதிலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். தெரியாததை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதற்குத் தயாராக ஒரு வழி: நண்பர்களிடம் பேசிக் காட்டி, எதிர்க்கட்சி மாதிரி பத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "எத்தனை மாதிரி?", "கருவியை யார் சரிபார்த்தார்கள்?", "இந்த எல்லை யார் வைத்தது?", "அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" இந்த நான்கும் கட்டாயம் வரும். கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. கேட்பவர் கோபமாகக் கேட்டாலும் "நல்ல கேள்வி" என்று பூசி மெழுகாமல் பதிலுக்குப் போங்கள்.

பேச்சு முடிந்த பிறகு

சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். தண்ணீர் கொடுத்த ஊருக்கு முடிவு போய்ச் சேர்வதே இல்லை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் ஒன்று. ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி ஐந்து நிமிடம் கேளுங்கள். ஆய்வக அறிக்கை கையில் இல்லாமல், களப்பெட்டி நிறத்தை மட்டும் நம்பி அங்கே போய் அபாயம் என்று அறிவித்துவிடாதீர்கள்.

அங்கே ப்ரொஜெக்டர் இருக்காது, மைக் இருந்தாலும் கரகரக்கும். ஒரு சார்ட் போதும்: பம்பு இருக்கும் இடம், அளவு, எதற்குப் பயன்படுத்தலாம். எண்ணைவிட, எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள். ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அதைச் சொல்ல மறந்துவிட்டால் மறுநாளே பயத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் துணி துவைக்கவும் அரை மைல் குடம் தூக்க வேண்டும்.